கொத்தான் கறுவாவுக்குச் சொந்தம், அம்மையார் கூந்தல் அடம்பனுக்குச் சொந்தம்

திருக்கோவிலிலிருந்து உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "கல்லடிக் கடற்கரையில் அடம்பன் கொடிமேல் மஞ்சள் நூல் மாதிரி ஒன்று படர்ந்து கிடக்கிறது. எங்கள் வீட்டு மிளகாய்ப் பாத்தியிலும் அதே மாதிரி ஒன்று வந்திருக்கிறது. இரண்டும் ஒரே தாவரமா? இலையும் இல்லை, பச்சையும் இல்லை என்றால் இவற்றுக்குப் பச்சையுருமணி டி.என்.ஏ. எதற்கு? அதை வைத்து யாருக்கு யார் சொந்தம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?"

தம்பி, முதல் கேள்விக்கு உடனே சொல்லிவிடலாம். இரண்டும் வேறு வேறு. கடற்கரையில் கிடப்பது கொத்தான். அறிவியல் பெயர் கசைதா ஃபிலிஃபோர்மிஸ். மிளகாயில் ஏறியிருப்பது, நீங்கள் எழுதியிருக்கும் பூவையும் காயையும் பார்த்தால், அம்மையார் கூந்தல். அது கஸ்கியூட்டா என்ற பேரினம், உலகம் முழுக்க ஏறக்குறைய 200 இனங்கள் உண்டு. இரண்டுக்கும் இலை கிடையாது, இரண்டும் சுற்றிப் படரும், இரண்டும் பிடித்த செடியில் உறிஞ்சு வேரை இறக்கிச் சாற்றை எடுக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் யாருக்கும் தடுமாறும். படிக்கிற காலத்தில் நானும் கொத்தானைப் பறித்து உலர்த்தி, கஸ்கியூட்டா என்று பெயரெழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஆனால் சொந்தம் என்று வந்தால் இவை இரண்டும் கிட்டவே வராது. கொத்தான் கறுவாவின் குடும்பம். அவகாடோவும் அதே குடும்பம்தான். அம்மையார் கூந்தலோ அடம்பனின் குடும்பம். வத்தாளங்கிழங்கும் நாம் சுண்டித் தின்கிற கங்குன் கீரையும் அதற்கு நெருங்கிய உறவு. இந்த இரண்டு குடும்பங்களும் டைனோசர் காலத்திலேயே பிரிந்துபோன வழிகளில் வந்தவை. இப்போது அந்தக் கடற்கரை மணலை இன்னொரு தடவை நினைத்துப் பாருங்கள். அடம்பன்மேல் கிடக்கும் மஞ்சள் நூல் அம்மையார் கூந்தல் மாதிரி இருக்கிறது, ஆனால் அதற்குச் சொந்தமில்லை. அம்மையார் கூந்தலின் உண்மையான சொந்தம் கீழே நசுங்கிக் கிடக்கும் அடம்பன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த மணலைக் கடக்கும்போது எனக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை, ஒரு கைவில்லை போதும். கொத்தானின் பூ குண்டூசித் தலையளவுதான். அதன் உறுப்புகள் மும்மூன்றாக அமைந்திருக்கும். மகரந்தப் பையைக் கவனமாகப் பாருங்கள்: மற்றப் பூக்களில் போல நீளவாக்கில் வெடிக்காது, ஜன்னல் கதவைத் தூக்கித் திறப்பதுபோல ஒரு சின்ன மூடி மேலே சுருண்டு திறக்கும். கறுவாப் பூவிலும் இதே மூடி உண்டு. காய் சதைப்பற்றுள்ள வெள்ளை முத்து, உள்ளே ஒரே விதை. தண்டை விரலில் வைத்து நசுக்கினால் இலேசான ஒரு வாசம் வரும். அம்மையார் கூந்தலின் பூ கொத்துக் கொத்தாக வரும், சிறு மணிபோல, பெரும்பாலும் ஐந்து இதழ். காய் உலர்ந்த சிமிழ், உள்ளே நான்கு விதை வரை இருக்கும். உடம்பெல்லாம் மாறிப்போனாலும் பூ அவ்வளவாக மாறவில்லை. பழைய தாவரவியலாளர்கள் கொத்தானைச் சரியான இடத்தில் வைத்தது இந்தப் பூவைப் பார்த்துத்தான்.

சரி, இலைக் கலத்துக்குள் ஒளியைப் பிடித்து உணவு தயாரிக்கும் பச்சையுருமணிக்கு வருவோம்.

ஆதியில் ஒரு கலம் சயனோபக்ரீரியா என்ற, ஒளியில் உணவு தயாரிக்கும் ஒரு நுண்ணுயிரை விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. நூறு கோடி ஆண்டுக்கும் மேலான சங்கதி இது. அந்த விருந்தாளிதான் இன்றைய பச்சையுருமணி. அது வரும்போது சொந்தமாக ஆயிரக்கணக்கான மரபணுக்களோடு வந்தது. காலப்போக்கில் பெரும்பாலானவை கலத்தின் கருவுக்குள் போய்விட்டன, சில அழிந்தும் போயின. இன்று ஒரு சாதாரணப் பச்சைத் தாவரத்தின் பச்சையுருமணியில் சுமார் 110 முதல் 130 மரபணுக்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. முதன்முதலில் முழுதாக வாசிக்கப்பட்டவற்றில் ஒன்று புகையிலையினுடையது, 1986இல். அதன் நீளம் ஏறத்தாழ 156,000 எழுத்துகள். உங்கள் பாடப்புத்தகம் காரச் சோடி என்று சொல்வதைத்தான் நான் எழுத்து என்கிறேன்.

உறவு தேடுகிறவர்களுக்கு இந்தச் சிறிய டி.என்.ஏ. பிடித்துப்போனதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு கலத்துக்குள் இதன் பிரதிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கும், அதனால் எடுப்பது சுலபம். எழுத்துகள் மெதுவாகத்தான் மாறும், அதனால் பழைய உறவும் தெரியும். பிறகு, பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் இது தாய்வழியாக மட்டுமே வரும். மட்டக்களப்பாருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. எங்கள் ஊர்களில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருகிறதல்லவா? தாயின் குடிதான் பிள்ளையின் குடி, மகள் வழியாக அது அடுத்த தலைமுறைக்குப் போகும். பச்சையுருமணி டி.என்.ஏ.யும் அப்படித்தான். கலப்பில்லாத ஒரே கோடு, பின்னோக்கி நடந்துகொண்டே போகலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பச்சையே இல்லாத ஒன்றுக்கு இது எதற்கு?

வத்தாளங்கிழங்கை வெட்டிப் பாருங்கள். மண்ணுக்குள்ளேயே கிடந்தது, வெளிச்சமே படவில்லை. ஆனாலும் அதன் கலங்களில் மாப்பொருளைச் சேர்த்து வைப்பவை உருமணிகள்தான். கரட்டின் செம்மஞ்சள் நிறமும் உருமணிகளில்தான் இருக்கிறது. இலையில் பச்சையுருமணியாக இருப்பதும் கிழங்கில் வெள்ளையாக இருப்பதும் ஒரே உருமணியின் வேறு வேடங்கள், உள்ளே இருக்கும் டி.என்.ஏ.யும் ஒன்றே. ஒளித்தொகுப்பு அதன் வேலைகளில் ஒன்றுதான். கொழுப்பமிலம், சில அமினோவமிலங்கள், ஹீம் என்ற இரும்பு தாங்கும் மூலக்கூறு, இவற்றுக்கும் தாவரக் கலம் உருமணியைத்தான் நம்பியிருக்கிறது. சாப்பாட்டை அடுத்த வீட்டில் எடுத்துக்கொண்டாலும், இந்த வேலைகளுக்குச் சொந்த உருமணி தேவை.

ஆகவே ஒட்டுண்ணிகளில் நடப்பது என்னவென்றால், ஒளித்தொகுப்புக்கு மட்டும் பயன்பட்ட மரபணுக்கள் பழுதாகின்றன. பழுதானாலும் செடி சாகாது, அதனால் அவற்றைக் காப்பாற்றும் கட்டாயம் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து, ஒருநாள் இல்லாமலே போகும். 1992இல் எபிஃபேகஸ் என்ற வட அமெரிக்க வேரொட்டுண்ணியின் உருமணி டி.என்.ஏ. முழுதாக வெளியானது. ஒளித்தொகுப்பே செய்யாத ஒரு தாவரத்தில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது அதுதான். 70,028 எழுத்துகள், 42 மரபணுக்கள். புகையிலையில் பாதிக்கும் குறைவு. ஒளியைப் பிடிக்கும் மரபணுக்கள் எல்லாம் போயிருந்தன.

இந்த இழப்பு கண்டபடி நடப்பதில்லை, ஒரு வரிசை இருக்கிறது. முதலில் போவது என்.டி.எச். என்ற பதினொரு மரபணுக்கள். ஒளித்தொகுப்பில் இவை துணை வேலைதான் செய்கின்றன, நல்ல வெளிச்சத்திலும் நல்ல சூழலிலும் இவை இல்லாமலும் சமாளிக்கலாம். மாமரத்தில் குருவிச்சை இருக்கிறதே, புல்லுருவி என்றும் சொல்வார்கள், அதன் இலை நல்ல பச்சை. ஆனால் இதுவரை வாசித்துப் பார்த்த குருவிச்சைக் கூட்டத்தில் இந்த மரபணுக்கள் போய்விட்டன. சந்தன மரத்திலும் அப்படியே. சந்தனமும் அயல் மரங்களின் வேரில் உறிஞ்சுகிற அரை ஒட்டுண்ணி என்பதைப் பலர் அறியமாட்டார்கள். குருவிச்சையும் அதுவும் ஒரே வரிசைக்குள், அதாவது பல குடும்பங்கள் சேர்ந்த ஒரே கூட்டத்துக்குள், வரும் உறவினர். ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும்: என்.டி.எச். இல்லாததெல்லாம் ஒட்டுண்ணி என்று எடுத்துவிடக் கூடாது. பைன் மரங்களிலும் சில ஓர்க்கிட்டுகளிலும் இவை இல்லை.

அதன் பிறகு ஒளியைப் பிடிக்கும் புரதங்களின் மரபணுக்கள் போகும், அவற்றைப் படியெடுக்கும் நொதியின் மரபணுக்கள் போகும். கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பவை சில மட்டும். கொழுப்பமிலத் தயாரிப்புக்கான ஒன்று, கழிவுப் புரதத்தை வெட்டும் ஒன்று, பிறகு குளுட்டமேற்று என்ற அமினோவமிலத்தைச் சுமக்கும் ஒரு சிறிய ஆர்.என்.ஏ.க்கான மரபணு. இந்தக் கடைசி ஆள் இரட்டை வேலைக்காரர். புரதம் கட்டும்போது அமினோவமிலம் சுமக்கும், அதோடு ஹீம் தயாரிப்பின் முதற்படியும் இதன் கையில்தான். ஹீம் இல்லாமல், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணி மூச்சுவிட முடியாது. அதனால்தான் பல ஒட்டுண்ணிகள் மற்ற எல்லாவற்றையும் விட்டபின்னும் இதை விடவில்லை என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

அம்மையார் கூந்தல் இந்தப் பாதையின் நடுவில் நிற்கிறது. 2007இல் அதன் சில இனங்கள் வாசிக்கப்பட்டன. கஸ்கியூட்டா ரிஃப்லெக்சாவில் 121,521 எழுத்துகள், கஸ்கியூட்டா குரோனோவியில் 86,744. அவற்றோடு ஒப்பிட, அடம்பனின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு பூங்கொடியையும் வாசித்தார்கள். அதில் 162,046. ஒரே பேரினத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். தேய்மானம் நம் கண்ணெதிரே, வேறு வேறு கட்டங்களில் நடந்துகொண்டிருக்கிறது. இன்னொரு சுவையான விடயம்: இவ்வளவு தேய்ந்தும் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் ருபிஸ்கோவின் மரபணு இவற்றில் இன்னும் முழுதாக இருக்கிறது. விதைக்குள் கொழுப்பைச் சேர்க்கும்போது வெளியேறும் காபனீரொட்சைட்டை மீண்டும் பிடித்துக்கொள்ள அது உதவுகிறது என்று ஒரு கருத்து உண்டு.

கொத்தானில் சுமார் 114,600 எழுத்துகள். கறுவாக் குடும்பத்தின் மற்ற மரங்களில் ஒன்றரை இலட்சம் அளவில் இருக்கும். பச்சையுருமணி டி.என்.ஏ.யில் ஒரே துண்டு இரண்டு தடவை, எதிரெதிர்த் திசையில் எழுதப்பட்டிருப்பது வழக்கம். கொத்தானில் அந்த இரட்டையில் ஒன்று அப்படியே காணாமல் போயிருக்கிறது. என்.டி.எச். மரபணுக்களும் வேலை செய்யும் நிலையில் இல்லை. ஆனால் இளந்தண்டில் பச்சை தெரியும். கொஞ்சம் ஒளித்தொகுப்பை அது இன்னும் விடவில்லை.

இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்வியின் முடிச்சு இருக்கிறது. நிதானமாக வாசியுங்கள், பரீட்சையில் பலர் தவறவிடுவதும் இதைத்தான்.

கொத்தானிலும் என்.டி.எச். இல்லை, அம்மையார் கூந்தலிலும் இல்லை, குருவிச்சையிலும் இல்லை. அப்படியானால் மூன்றும் ஒரு குடும்பம் என்று ஒருவர் சொன்னால்? பிழை. வெறும் உடம்பைப் பார்த்து இரண்டு மஞ்சள் நூலையும் ஒன்று என்று சொன்னோமே, அதே பிழைதான் டி.என்.ஏ.க்குள் போய் மறுபடி நடக்கிறது. இலையை இழந்தது வாழ்க்கை முறையால். மரபணுவை இழந்ததும் வாழ்க்கை முறையால். உலகில் ஏறத்தாழ 4,750 ஒட்டுண்ணிப் பூக்கும் தாவரங்கள் உண்டு. அந்தப் பழக்கம் குறைந்தது 12 தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்பது இன்றைய கணக்கு. அவற்றில் பல தடவை ஏறக்குறைய ஒரே பொருட்களைத்தான் வீட்டை விட்டு வெளியே எறிந்திருக்கின்றன. ஆகவே எதை இழந்தது என்பது அது எப்படி வாழ்கிறது என்று சொல்லும். யாருக்குச் சொந்தம் என்பதை மிஞ்சியிருக்கும் மரபணுக்களின் எழுத்துக்கு எழுத்து ஒப்பீடுதான் சொல்லும். கொத்தானில் மிஞ்சியதை கறுவாவில் உள்ளதோடு வரிசையாக வைத்தால் எழுத்துகள் ஒத்துப்போகும். அம்மையார் கூந்தலோடு வைத்தால் அவ்வளவு ஒத்துப்போகாது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒட்டுண்ணிகளில் மிஞ்சிய மரபணுக்களும் வேகமாக மாறுகின்றன. மிக அதிகமாக மாறிப்போன இரண்டு எழுத்து வரிசைகளில் சில எழுத்துகள் தற்செயலாகவே ஒத்துப்போகும். கணினி அதை உறவு என்று நினைத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துவிடும். கொத்தானுக்கே இது நடந்தது. கறுவாக் குடும்பம் என்பதில் ஐயமில்லை, ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் எந்த இடம் என்பது நீண்டகாலம் தள்ளாடியது. ஒரு மரபணுவை வைத்தால் ஒரு இடம், இன்னொன்றை வைத்தால் வேறு இடம். ஒரே மரபணுவை நம்பாமல், முழு உருமணி டி.என்.ஏ.யையும் கருவின் மரபணுக்களையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.

சில தாவரங்களில் பார்க்கவே உருமணி டி.என்.ஏ. இல்லை. ஒரு மீற்றர் அகலம் வரை பூக்கும் ரஃப்லீசியாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2014இல் அதன் ஓர் இனத்தில் தேடினார்கள், முழுமையான உருமணி டி.என்.ஏ. கிடைக்கவில்லை. அதன் உறவான சப்ரியாவிலும் அது முற்றாக இல்லை என்று 2021இல் காட்டினார்கள். தாய்வழி ஏடே தொலைந்துபோன குடி. ஆகவே இழைமணி மரபணுக்களையும் கருவின் மரபணுக்களையும் கொண்டு தேடினார்கள். கிடைத்த பதில்: ஆமணக்குக் குடும்பத்தின் வழி. எங்கள் வளவில் நிற்கும் மரவள்ளியும் அந்தக் குடும்பம்தான்.

முன்பு ரஃப்லீசியாக் குடும்பம் என்று ஒரே பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தவை டி.என்.ஏ. வந்தபின் நான்கு வெவ்வேறு வரிசைகளுக்குப் பிரிந்துபோயின. மரத்தின் தண்டுக்குள்ளேயே முழு வாழ்க்கையும் வாழ்ந்து, பூக்க மட்டும் வெளியே வரும் பைலோஸ்டைலிஸ் என்ற ஒன்று பூசணியின் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. மிஞ்சிய உருமணி டி.என்.ஏ. அதில் வெறும் 11,348 எழுத்துகள், ஆப்பிரிக்க இனமொன்றில். எங்கள் மலைநாட்டுக் காடுகளில் வேரொட்டுண்ணியாக வளரும் பலனோபோராவின் கூட்டத்தில் சுமார் 15,500. அதிலும் இரண்டு இனங்களில் 2019இல் ஓர் அதிசயம் தெரிந்தது: பெரும்பாலான உயிர்களில் "இங்கே நிறுத்து" என்று பொருள்படும் ஒரு மூன்றெழுத்துச் சொல், இவற்றின் உருமணியில் ஓர் அமினோவமிலத்தைக் குறிக்கிறது. அகராதியே மாறியிருக்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. ஒட்டுண்ணியும் அது ஒட்டியிருக்கும் செடியான விருந்துவழங்கியும் உடம்போடு உடம்பாக ஒட்டியிருப்பதால், சில வேளை மரபணுவே கைமாறுகிறது. ரஃப்லீசியா உறவினரில் ஓர் இழைமணி மரபணுவை மட்டும் வைத்து 2004இல் உறவு மரம் வரைந்தபோது, அது தான் ஒட்டி வாழும் திராட்சைக் குடும்பக் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்த மரபணு அங்கிருந்து வந்தது. உறவு தேடுகிறவருக்கு இது, அயல்வீட்டுக் காணி உறுதியைத் தன் அலுமாரியில் கண்டுபிடித்த மாதிரி. காணி அந்த வீட்டுக்காரருடையது, உறுதி மட்டும் இங்கே இருக்கிறது. இதுவரை பார்த்ததில் இப்படிக் கைமாறுவது இழைமணியிலும் கருவிலும்தான் அதிகம். உருமணிக்குள் அயல் மரபணு நுழைவது மிக அரிது. சிதைந்து போனாலும் உருமணி டி.என்.ஏ.யை ஆய்வாளர்கள் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால், கைபேசி போதும். என்.சி.பி.ஐ. என்ற அமெரிக்கத் தரவுத்தளம் எல்லோருக்கும் இலவசம். அதில் கசைதா ஃபிலிஃபோர்மிஸின் ருபிஸ்கோ மரபணுவை, ஆர்.பி.சி.எல். என்று தேடி எடுத்து, அங்கேயே இருக்கும் பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டுக் கருவியில் ஒட்டுங்கள். கொத்தானின் பிரதிகளுக்குக் கீழே கறுவாக் குடும்பத்து மரங்கள் வரிசையாக வரும். பிறகு கஸ்கியூட்டா ரிஃப்லெக்சாவினதை ஒட்டுங்கள். கஸ்கியூட்டாக்களைத் தாண்டினால் அடம்பன் குடும்பம் வந்து நிற்கும். தாவரங்களை அடையாளம் காண ஆர்.பி.சி.எல்.லோடு வழக்கமாகப் பயன்படுத்தும் மற்ற மரபணு மேட்கே. அதை அம்மையார் கூந்தலின் எல்லா இனத்திலும் தேடாதீர்கள், பெரும் பகுதி இனங்களில் அது இல்லை.

பாடசாலைச் செயற்றிட்டமாக மாதிரி எடுத்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலோ யாரிடமாவது கொடுக்கும் எண்ணம் இருந்தால், ஒன்றை மறக்காதீர்கள். அடம்பனில் ஒட்டிய இடத்தில் வெட்டாதீர்கள். அங்கே வரிசையாகச் சின்னக் குமிழ்கள் தெரியும், அவைதான் உறிஞ்சு வேர்கள். அவற்றுக்குள் அடம்பனின் இழையமும் கலந்திருக்கும், கொத்தான் என்று கொடுத்துவிட்டு அடம்பனின் டி.என்.ஏ.யை வாசிப்பீர்கள். எதையும் தொடாமல் காற்றில் ஆடும் இளநுனியில் ஒரு சாண் நறுக்கி, தண்ணீரில் அலசி, சிலிக்கா மணிகள் போட்ட போத்தலில் உலர வையுங்கள். பூவும் காயும் உள்ள இன்னொரு துண்டைத் தாளுக்கிடையில் அழுத்தி, இடமும் திகதியும், எந்தச் செடிமேல் இருந்தது என்பதும் எழுதி வையுங்கள். மிளகாய்ப் பாத்தியில் உள்ளதையும் அப்படியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை ஒரு துண்டு விடாமல் பிடுங்கி எரியுங்கள். அறுந்த துண்டு பச்சைத் தண்டில் பட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். விதை விழ விட்டால் வருடக்கணக்கில் மண்ணில் உறங்கிக் கிடந்து முளைக்கும்.